மிச்சக் காற்று

ஆனி மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில், புரட்டாசி வரையில் இடைவிடாமல் வீச வேண்டிய கச்சான் காற்று, வழக்கம்போல் மேற்கிலிருந்து புறப்பட்டு வந்து, ஆத்திமுனைக் கரையைத் தொட்டதும் நின்று, ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நூற்று எண்பத்து மூன்று வீடுகளிலும் குடியிருந்தோரின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தன்னைப் பங்கிட்டு, தலைக்கு ஒரு காற்றாக அவரவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. எண்பது வயதுக் கிழவருக்குச் சன்னலை அறையும் காற்று வாய்த்தது. பெருந்தொந்தி கொண்ட படகுக்காரருக்கு அகல்விளக்கின் சுடரைக்கூட அசைக்காத காற்று வாய்த்தது. ஆளில்லாத இடத்தில் தனக்கு என்ன வேலை என்று நினைத்ததுபோல், கடலின்மேல் மட்டும் காற்று ஒரு மூச்சளவும் தங்கவில்லை.

ஊர் இரண்டு நாள் வியந்தது; மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. இயந்திரப் படகுகள் எப்போதும்போல் கடலுக்குப் போயின. பாய் கட்டிய வள்ளங்களில் மட்டும், ஐந்து பேர் ஏறினால் ஐந்து காற்றுகளும் ஐந்து பக்கம் இழுத்துப் பாயைக் கந்தலாக்கிவிட்டமையால், பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காற்று மிகுந்த பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் படிப்பையும் நகையையும் விசாரித்த கையோடு, "காத்து எப்படி?" என்று கேட்டார்கள், "சாந்தமான காத்துங்க, சாமி விளக்கு அணையாது" என்று பெண்வீட்டார் சொன்னார்கள். அடுத்தவன் காற்றைத் தன் கருவாட்டுக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்னும் புகார் பெருகியபோது, பங்குத்தந்தை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், பத்துக் கட்டளைகளைக் குறையாமல் சொல்லி முடித்து, "பிறர் காற்றை விரும்பாதிருப்பாயாக" என்று பதினோராவதையும் சேர்த்துக்கொண்டார். துணி காயும் கொடிகளில் தகப்பனின் சட்டை வடக்கே பறந்தது. தாயின் சேலை தெற்கே பறந்தது. பிள்ளைகளின் பாவாடைகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. இதைப் பார்த்துச் சிரிப்பதையும் ஊர் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது.

கோயில் தெருவில் பெண்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த சலேத்தம்மாளின் வீட்டில்தான் கணக்கு இடித்தது. அவள் ஒருத்தி, காற்றுகள் இரண்டு.

சலேத்தம்மாளுக்கு வயது நாற்பத்து மூன்று. அளவெடுத்தால் அரைவிரற்கடை பிசகாது. வெட்டினால் இரண்டாம் வெட்டு கிடையாது. அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது: எவருடைய துணியானாலும், தைத்து மிஞ்சிய துண்டுகளை, நகத்தளவே ஆனாலும், ஒரு குண்டூசியில் கோத்து ரவிக்கையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "இத வச்சு நான் என்னடி பண்ண?" என்று கேட்கும் பெண்களிடம், "ஒங்க துணி, ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்பாள். பிறருடையது ஒரு நூலிழையேனும் தன் வீட்டில் தங்கக் கூடாது என்பது அவள் கட்சி.

அவளுக்கு வாய்த்த காற்று மிகச் சிறியது. காகிதத்தில் வெட்டிய அளவுப்படியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் மறுபடியும் வைத்துவிடும். மற்றதோ பெரியது. விடிந்ததும் வாசற்கதவை ஓங்கி அறைந்து உள்ளே வரும். பதினொரு மணிக்கு அடுப்படியில் மூடியைத் தள்ளிக் குழம்பை மோந்து பார்க்கும். உண்டவன்போல் இரண்டு மணிக்குக் கட்டிலில் படுத்து, விரிப்பை ஏற்றி இறக்கி உறங்கும். நான்கு மணிக்கு எழுந்து வெட்டுமேசைமேல் விரித்திருக்கும் துணி எதுவாயினும் அதை வாரிச் சுருட்டி மூலையில் எறியும். முதல் நாளே அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு லூர்து, வாசலில் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"ஏ சலேத்து, இது நம்ம பிரகாசம் அண்ணனுல்ல?"

"அவரில்ல. அவரு காத்து."

"ஆளு வராம காத்து மட்டும் எப்படிடி வரும்?"

"ரேசன் கார்டுல பேரு இங்கதான இருக்கு."

இதுவே காரணம் என்று ஊரும் ஒப்புக்கொண்டது. சலேத்தம்மாளின் கணவன் பிரகாசம், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வலசைத்துறையில் கருவாட்டுக் களத்தில் பத்து நாள் வேலை என்று சொல்லிப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே வேறொரு வீட்டில் அவனுக்குச் சோறு விழுகிறது என்பதை ஊரே அறியும், அவளும் அறிவாள், அறிந்ததை ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அட்டையிலிருந்து பெயரை நீக்குவதற்கான படிவத்தை ரேசன் கடைக்காரர் முதலாம் ஆண்டே கொண்டுவந்து கொடுத்திருந்தார். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், நூற்கண்டுகளுக்கு அடியில், அது நிரப்பப்படாமல் கிடந்தது.

ஆடி பிறந்த அன்று பிரகாசம் அலைபேசியில் கூப்பிட்டான். மூன்று ஆண்டுகளில் அவன் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"சலேத்து. என் காத்து அங்க இருக்காமே?"

"இருக்கு."

"இங்க எல்லாருக்கும் வந்துருச்சு புள்ள. எனக்கு மட்டும் இல்ல. விரிச்ச மீனெல்லாம் அழுகிப் புழு வைக்குது. களத்துக்காரன் என்னைய ஆளா மதிக்க மாட்டேங்குறான். கொஞ்சம் அனுப்பி வையி."

"வந்து கூட்டிட்டுப் போறது."

"அங்க வந்தா நல்லாவா இருக்கும்?" என்று அவன் கேட்டான்.

"சரி. நானே கொண்டாந்து தாரேன். ஒங்க பொருளு எனக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டாள். அலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், அவனுடைய காற்று அவள் தைத்து முடித்த பட்டு ரவிக்கையை ஆணியிலிருந்து கழற்றி, கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தது. வந்த இரண்டு வாரத்துக்குள் ஆறு துணிகளை வெட்டுக்கு நடுவில் இழுத்துக் கெடுத்திருந்தது. இனியும் கெடுத்தால் கோயில் திருவிழாத் துணிகளை ஒருவரும் அவளிடம் கொடுக்கமாட்டார்கள். ஆகவே அது போகத்தான் வேண்டும். ஆனால், மூன்று ஆண்டுகளாக ஓசையே இல்லாதிருந்த வீட்டில் கதவு அறைபடுவதைக் கேட்டு எழுவது அவளுக்கு எப்படி இருந்தது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

முதலில், பெட்டியில் கிடந்த அவனுடைய பழைய சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். காற்று மகிழ்ந்து உள்ளே நுழைந்து இரண்டு கைகளையும் நிரப்பிக்கொண்டது. சட்டையை மடியில் வைத்து வலசைத்துறைப் பேருந்தில் ஏறினாள். சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது காற்று இறங்கிக்கொண்டது. அவள் மீண்டு வருவதற்குள் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்திருந்தது. அடுத்து இயந்திரப் படகில் கொண்டுபோனாள். டீசல் புகையை முகர்ந்ததும் அது தும்மித் திரும்பிவிட்டது. "காத்த பாயில வச்சுல்ல கொண்டு போகணும்" என்றார் படகுக்காரர். "பாய்லயும் நீ ஒருத்தியாத்தான் போகணும். எங்க காத்தும் ஏறுனா குடும்பச் சண்டைதான்." ஒருவர் மட்டும் ஏறிப் போகக்கூடிய பாய், முனைக்கு அப்பால் ரிஸ்வானாவின் கொட்டகையில்தான் இருந்தது.

ரிஸ்வானாவுக்கு இருபத்தாறு வயது. சுற்றுலா விடுதியொன்றில், ஒற்றைப் பலகைமேல் நின்று பாயைக் கையால் பிடித்துக் கடலில் ஓட்டும் பாய்ப்பலகையைக் கற்று, பின்னர் அதையே பிறருக்குக் கற்பித்து, விடுதி மூடியபோது பலகைகளை வாங்கிக்கொண்டு வந்தவள். கடலில் காற்று நின்ற நாளிலிருந்து அவளிடம் ஒருவரும் வரவில்லை; தன் காற்றை மட்டும் கட்டிக்கொண்டு, கண்ணாடிபோல் கிடக்கும் கடலில் அவள் தனியே போய் வருவதை மீனவர்கள் பார்த்திருந்தார்கள்.

"வாங்கக்கா" என்றாள் ரிஸ்வானா. "ரவிக்கை அளவெடுக்க வந்தீங்களா?"

"பாய் எடுக்க வந்தேன். இருக்குறதுலயே பெருசா ஒண்ணு குடு. சின்னதா ஒண்ணு குடு."

"ரெண்டு எதுக்கு?"

"என் காத்து சிறுசு, அதுக்குச் சின்னது. அவரு காத்து பெருசு, அதுக்குப் பெருசு."

ரிஸ்வானா சிரித்த சிரிப்பில், கொட்டகையில் தொங்கிய உயிர்காப்புச் சட்டைகள் அனைத்தும் ஒருபுறம் ஒதுங்கின. "யக்கா, இது ரவிக்கை இல்ல. ஒடம்புக்கு ஏத்த துணின்னு வெட்டக் கூடாது. சின்னக் காத்துக்குத்தான் பெரிய பாய் வேணும், இருக்குற கொஞ்சத்தையும் விடாம அள்ளணும்ல. பெரிய காத்துக்குச் சின்னப் பாய் போதும். அதுக்கும் பெருசக் குடுத்தா ஒங்களக் கொண்டுபோயி எங்கயாவது வீசிரும்."

சலேத்தம்மாள் அதை ஏற்கவில்லை, ஆனால், குறித்துக்கொண்டாள். அவள் பிற எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். கால்களை அகல வைக்கவும் விழாமல் நிற்கவும் முதலில் அகலமான பலகை வேண்டும் என்று ரிஸ்வானா ஒன்றைத் தேர்ந்து கொடுத்தாள்; அதன் அடியில் செருகும் துடுப்பு, மீனின் துடுப்பைப்போல் பலகையைப் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும் என்றாள். பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் ரப்பர் மூட்டு எல்லாப் பக்கமும் மடங்கியது. "அப்ப இந்த மரத்த எது நிமுத்திப் பிடிக்கும்?" என்று சலேத்தம்மாள் கேட்டாள்.

"நீங்கதான்க்கா. வள்ளத்துல மரத்தக் கயிறு பிடிக்கும். இதுல ஆளுதான் கயிறு."

பாயின் மூலையில் அச்சிட்டிருந்த எண்களைக் கண்டதும் சலேத்தம்மாளுக்கு நிம்மதி உண்டாயிற்று. மரம் நானூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர், கைப்பிடிக் கம்பு நூற்றுத் தொண்ணூறு என்று பாயே தன் அளவைச் சொல்லியது. கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துச் சரிபார்த்தாள், சரியாக இருந்தது. கைப்பிடிக் கம்பை மரத்துக்குக் குறுக்கே தோள்மட்டத்தில் கட்டினார்கள். பிறகு ரிஸ்வானா மரத்தின் அடியில் காலை உதைத்துக்கொண்டு, பாயைக் கீழே இழுக்கும் கயிற்றைப் பல்லைக் கடித்து இழுத்தாள். இழுக்க இழுக்கப் பாயின் நடுப்பகுதி விறைத்தது. ஆனால், உச்சியின் பின்விளிம்பு தளர்ந்து, அளவு தவறித் தைத்த கையைப்போல் தொளதொளவென்று தொங்கியது.

"மேல சுருக்கம் விழுது" என்றாள் சலேத்தம்மாள்.

"விழணும்க்கா."

"இப்படித் தச்சுக் குடுத்தா என் மூஞ்சில எறிவாங்க."

"எறியட்டும். இப்ப ஏறுங்க."

இருபது நாள் அவள் விழுந்தாள். காலையில் ஆறு மணிக்கு உயிர்காப்புச் சட்டையை அணிந்து, சேலையை விட்டுச் சுரிதாருக்கு மாறி, முழங்கால் ஆழத்தில் பலகைமேல் ஏறி, நீரில் கிடக்கும் பெரிய பாயை மேலே இழுக்கும் கயிற்றைப் பிடித்தாள். கையால் இழுத்தால் முதுகு போகும். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, உடம்பின் பாரத்தைப் பின்னால் கொடுத்தால், பாய் நீரை வடித்துக்கொண்டு தானே எழும். எழுந்ததும் மரத்தை மார்புக்கு முன்னால் கொண்டுவந்து, முன்கையைக் கைப்பிடியில் வைத்து, பிறகு பின்கையை வைத்து, கதவை மூடுவதுபோல் பாயை மெல்ல மூடினால் பலகை நகரும். மரத்தை முன்னால் சாய்த்தால் காற்றைவிட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். "காலப் பாக்காதீங்க; கால் எங்கயும் போகாது. போற எடத்தப் பாருங்க" என்று கரையிலிருந்து ரிஸ்வானா கத்துவாள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கை சொல்வார்கள்: "இருவத்தி மூணு! சலேத்தக்கா, இருவத்தி நாலுக்கு வெடி போடலாமா?"

"ஒங்க பொண்டாட்டி ரவிக்கைக்குக் கை வைக்காமத் தாரேன், அப்பப் போடுங்க!" என்று நீரிலிருந்து பதில் வரும்.

இருபத்தோராம் நாள், அவளுடைய சிறிய காற்று, தனக்கு இப்படியொரு வேலை உண்டென்பதை அன்றுதான் அறிந்ததுபோல், பெரிய பாயின் மடியில் வந்து அமர்ந்தது. பலகை முனையிலிருந்து விளக்குக்கம்பம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எவரும் எண்ணிக்கை சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பிரகாசத்தின் காற்று உறங்கிக்கொண்டிருந்த பகல் இரண்டு மணிக்கு, ரிஸ்வானா கொடுத்த சின்னப் பாயையும் தான் பழகிய பெரிய பாயையும் வீட்டு முற்றத்தில் விரித்து, சலேத்தம்மாள் இரண்டையும் அளந்தாள். சின்னப் பாயைக் கண்டு எழுந்துவந்த காற்று, அதற்குள் நுழைந்து பார்த்தது. தோளும் வயிறும் உள்ளே போக, கால்கள் வெளியே நின்றன. பெரிய பாயில் முழுவதும் அடங்கியது. இதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருடைய பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது பாதியைக் கொண்டுபோய்ப் பாதியை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. பெரிய பாயே சரி என்று முடிவு செய்தாள். உச்சியில் தொங்கிய தளர்ச்சியின் வழியாகக் காற்று சிறிது சிறிதாகக் கசிவதையும் கண்டாள். கொல்லைப்பக்கம் வரைக்கும் கசிந்த காற்றைக் கூட்டிவந்து உள்ளே விட்டுவிட்டு, இயந்திரத்தில் பதினெட்டாம் எண் ஊசியைப் பொருத்தி, தடித்த நூலைக் கோத்து, உச்சியின் தளர்ச்சியை ரவிக்கையின் மார்புப் பிடிப்பைப்போல் மடித்துப் பிடித்து, நான்கு மடிப்புகளாகத் தைத்துவிட்டாள். அதன் பிறகு பாயில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் தைத்தவற்றில் அதைப்போல் நேரான தையல் வேறில்லை.

மறுநாள் காலை, கோயில் மணி எட்டு அடித்தபோது, ஊர் முழுவதும் தத்தம் காற்றோடு கரைக்கு வந்திருந்தது. ரிஸ்வானா பாயைப் பார்த்தாள், உச்சியைப் பார்த்தாள், தலையில் கை வைத்தாள்.

"யக்கா, மேல என்ன செஞ்சீங்க?"

"சுருக்கத்த எடுத்திருக்கேன்."

"அது சுருக்கம் இல்லக்கா, வாசல். காத்து உள்ள வந்தா வெளிய போகணும். இல்லாட்டி அது எங்க போகும்? ஒங்க மேலதான் விழும்."

"வெளிய போச்சுன்னா கொறையுமே."

"கொறையட்டுமே!"

"அடுத்தவங்க பொருளு ரிஸ்வானா. குடுக்கும்போது கொறஞ்சிருந்தா, நான்தான் கொஞ்சம் எடுத்து வச்சுக்கிட்டேன்னு ஆகும்."

சொல்லிவிட்டு, அவள் கூட்டத்தில் எவரையும் பார்க்கவில்லை. ரிஸ்வானா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு உயிர்காப்புச் சட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தானே மாட்டிவிட்டாள். "பயமா இருந்தா பின்கைய விட்டுருங்க. எப்பவும் பின்கைதான்" என்றாள்.

பாயைவிட்டுப் பிரியாமல் கரை வரைக்கும் வந்திருந்த பிரகாசத்தின் காற்று, எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே அடிக்கும் பழக்கமுடையது. அதை இடத்தோளுக்குப் பின்னால் வைத்து, வலசைத்துறையின் நீர்த்தொட்டியைக் கண்ணில் நிறுத்தி, பாயை மூடினாள். பலகை குதித்தது. பழகிய நாட்களில் மாட்டுவண்டிபோல் போன பலகை, இப்போது அடிபட்ட குதிரைபோல் ஓடியது. கரையின் கூச்சல் ஒரு நொடியில் அறுந்தது. வளைகுடாவின் நடுப்பகுதிக்கு வரும் வரையில் அவள் மூச்சுவிட்டதாக நினைவில்லை. அங்கே காற்றுக்கு விடியற்காலையின் பழைய நினைவு வந்தது. கதவை அறைந்தது. போக வழியில்லாத பாய் அந்த அறையை அப்படியே வாங்கி அவள் கைகளில் கொடுக்க, அவள் கைப்பிடியின்மேல் பறந்து முகங்குப்புற நீரில் விழுந்தாள்.

எழுந்து, பாயை இழுத்து நிறுத்தினாள். மறுபடியும் அறைந்தது, விழுந்தாள். பின்கையை விட்டுப் பார்த்தாள், பாய் திறந்தது, ஆனால் உள்ளே உருண்டு திரண்டிருந்த காற்று வெளியேறாமல் அவளைச் சுற்றி வளைத்து அடித்தது, விழுந்தாள். ஐந்தாம் முறை விழுந்தபோது எழவில்லை. நீரில் பரந்து கிடந்த பாயின்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு மிதந்தாள். இரு கரைகளும் ஒரே தொலைவில் இருந்தன. கடல் ஓசையின்றி இருந்தது. பாய்க்கு அடியில் அகப்பட்டிருந்த காற்று, உறங்கும் நேரத்தில் கட்டில் விரிப்பை ஏற்றி இறக்குவதைப்போல், பாயை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அவள் அதன்மேல் கன்னத்தை வைத்தாள். மூன்று ஆண்டுகள் அவள் கேட்காதிருந்த மூச்சு அது. தன்னிடம் எடுத்து வைத்துக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது என்று தைத்தாள். அவனுடையதில் ஒரு சிட்டிகையும் தன்னைவிட்டுப் போய்விடக் கூடாது என்றும் தைத்தாள். இரண்டும் ஒரே தையல்தான் என்பதை, நடுக்கடலில், நூலின்மேல் விரல் வைத்தபோது அவள் அறிந்தாள்.

எந்த வேலைக்குப் போனாலும் கழுத்துக் கயிற்றில் தொங்கும் சிறிய நூல்வெட்டுக் கத்தரி அன்றும் தொங்கியது. பாயின் உச்சிக்கு நீந்திப் போய், முதல் மடிப்பை வெட்டி, நூலை அறுபடாமல் இழுத்துப் பிரித்தாள், பிறகு இரண்டாவதை, பிறகு மற்ற இரண்டையும். பிரித்த நூலைச் சுருட்டி, உயிர்காப்புச் சட்டையின் பையில் வைத்தாள். நீந்தி வந்து, மரத்தின் அடியைக் காலால் உதைத்து, கீழிழுக்கும் கயிற்றை இன்னும் இரண்டு விரற்கடை இழுத்துக் கட்டினாள். உச்சி தளர்ந்து தொங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பலகையில் ஏறினாள்.

இம்முறை காற்று அறைந்தபோது, பாயின் தலை சற்றே சாய்ந்து வழிவிட்டது. அறை ஒரு பெருமூச்சாக உச்சியின் வழியே வெளியேறியது. எஞ்சியது பலகையைத் தள்ளியது. அவள் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, தன் பாரத்தைக் கொடுத்து நின்றாள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெருமூச்சு வெளியேறியது. கதவை அறைந்தது போயிற்று, குழம்பை மோந்தது போயிற்று, துணியைச் சுருட்டி எறிந்தது போயிற்று, இரண்டு மணி உறக்கம் போயிற்று. வெளியேறிய ஒவ்வொன்றும் திரும்பிப் பாராமல் நீரின்மேல் சிலிர்ப்பாகப் படர்ந்து, வரவர அகன்று, வளைகுடா முழுவதும் போயிற்று. வலசைத்துறையின் மணல் தெரிந்தபோது பாயில் அவனுடையது ஒன்றும் இல்லை. பலகையை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தது அவளுடைய சிறிய காற்று.

கடலில் ஒரு பாய் வருவதைப் பார்த்து, பிரகாசம் முழங்கால் ஆழம் வரை இறங்கி நின்றிருந்தான். முன்னைவிட மெலிந்திருந்தான்.

"நீயா? இதுலயா?" என்றான். பிறகு பாயைப் பார்த்தான். "எங்க புள்ள என் காத்து?"

சலேத்தம்மாள் பையிலிருந்து நூற்சுருளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னது இது?"

"மிச்சம். இவ்வளவுதான் இருக்கு."

"காத்து எங்கன்னு கேட்டா நூலத் தார?"

அவன் குரல் உயர்வதற்குள், அவனுக்குப் பின்னால் களத்தில் விரித்திருந்த மீனின்மேல் மூடிய வலை ஒரு பக்கமாக எழுந்து, தாழ்ந்து, மறுபடியும் எழுந்தது. கடலிலிருந்து வந்தது அது. களத்துக்காரனின் துண்டு பறந்தது. ஒரு கிழவியின் சேலைத்தலைப்புப் பறந்தது. பிரகாசத்தின் தலைமயிர், மூன்று ஆண்டுகளில் நரைத்த பகுதி தெரியும்படி, எல்லாருடையதும் பறந்த அதே பக்கம் பறந்தது.

"யாரு காத்துப்பா இது?" என்று களத்தில் ஒருவர் கேட்டார். தன்னுடையது என்று எவரும் சொல்லவில்லை.

"மீனத் திருப்பிப் போடுங்க. ஒரு பக்கமே காயுது" என்றாள் சலேத்தம்மாள். பலகையைத் திருப்பி வைத்து, கயிற்றைப் பிடித்து, பாரத்தைப் பின்னால் கொடுத்தாள். பாய் நீரை வடித்துக்கொண்டு எழுந்தது. அவன் ஏதோ சொன்னான். அவள் போக வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறிய காற்றுக்குப் பெரிய பாய் சரியான அளவு என்பதை, திரும்பும் வழி நெடுகிலும், ஓர் அளவுகூடப் பிசகாமல் அவள் கண்டாள். கடலெங்கும் பரவிக் கிடந்த உரிமையாளரற்ற காற்று, கேட்டால் தருவேன் என்பதுபோல் பக்கத்திலேயே வந்தது, அவள் கேட்கவில்லை. ஆத்திமுனையில் மீனவர்கள் பரணிலிருந்து பாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வானா இடுப்பளவு நீரில் ஓடிவந்து, பலகையைப் பிடிப்பதற்கு முன்னால் பாயின் உச்சியைப் பார்த்தாள்.

"எத்தன தடவ விழுந்தீங்க?" என்றாள்.

"அஞ்சு. எல்லாம் போகும்போது."

அன்று மாலை சலேத்தம்மாள் இழுப்பறையில் நூற்கண்டுகளைத் தள்ளிப் படிவத்தை எடுத்து, கட்டங்களுக்கு வெளியே ஓர் எழுத்தும் போகாமல் நிரப்பினாள். அவளுடைய காற்று அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தது. பிறகு அவள், உயிர்காப்புச் சட்டையையும் நனைந்த சுரிதாரையும், முன்பு காற்றைப் பிடித்துக்கொண்டுபோன பிரகாசத்தின் பழைய சட்டையை அலசி அதையும் கொல்லைக் கொடியில் காயப்போட்டாள். லூர்து வேலிக்கு அப்பால் தன் குடும்பத்தின் துணிகளைப் போட்டுக்கொண்டிருந்தவள், கையில் சேலையோடு அப்படியே நின்றாள்.

"ஏ சலேத்து, இங்க பாரேன்."

இரண்டு வீட்டுக் கொடிகளிலும், தகப்பனின் சட்டையும் தாயின் சேலையும் பிள்ளைகளின் பாவாடைகளும் சலேத்தம்மாளின் சுரிதாரும் அந்தப் பழைய சட்டையும் ஒரே பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன.